அச்சுத் தாளுக்காக வந்த ஏசி, வீட்டுக்கு வர ஏன் அரை நூற்றாண்டு ஆனது?

#1 ஜன்னலோரம்

போன வாரம் எங்கள் வீட்டு விண்டோ ஏசியைக் கழற்றினோம். இருபத்திரண்டு வருடம் ஓடிய பெட்டி. ஒருவர் உள்ளேயிருந்து தள்ள, இன்னொருவர் வெளியே நின்று அடிப்பக்கத்தைத் தாங்க, ஒருவழியாக அது நகர்ந்தபோது பின்னாலிருந்து காய்ந்துபோன புறாக்கூடு ஒன்றும் சேர்ந்து விழுந்தது. இப்போது சுவரில் செவ்வகமாக ஒரு ஓட்டை. அட்டை வைத்து மறைத்திருக்கிறேன். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பெட்டி முதலில் யார் வீட்டுச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கும் என்று யோசனை. கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

முதல் ஆச்சரியம், ஏசி மனிதனுக்காக வரவே இல்லை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஒரு அச்சகம். அன்றைக்கு வண்ண அச்சு என்றால் ஒரே தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை எந்திரத்துக்குள் போய்வர வேண்டும். இடையில் காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், இறங்கினால் சுருங்கும். மயிரிழை மாறினாலும் போதும், சிவப்பு ஒரு பக்கம் நிற்கும், நீலம் ஒரு பக்கம் நிற்கும். பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த வில்லிஸ் கேரியரிடம் இந்தத் தலைவலி போனது. அப்போது அவருக்கு வயது 25. காற்றைச் சில்லென்ற குழாய்ச் சுருள்கள் மேல் ஓடவிட்டு, அதிலிருக்கும் நீரை அங்கேயே வடித்து, ஆண்டு முழுக்க ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவது அவர் போட்ட திட்டம். வரைபடத்தில் இருக்கும் தேதி 1902 ஜூலை 17. குளிர்ச்சி கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

என் கேள்வி இது. தாளுக்கு 1902-லேயே கிடைத்துவிட்ட சுகம், படுத்துத் தூங்குகிறவனுக்கு 1950-கள் வரை ஏன் கிடைக்கவில்லை? கேட்டால் எல்லோரும் "விலைதான்" என்கிறார்கள். அது மட்டும்தானா?

#2 மெக்கானிக் மாணிக்கம்

விலைதான்.

ஒரே வார்த்தையில் முடித்தால் திட்டுவீர்கள், அதனால் இன்னும் ரெண்டு வரி. கேரியர் அந்த அச்சகத்துக்குப் போட்டது 54 டன். நீங்கள் கழற்றியது ஒன்றரை டன் இருக்கும். அப்படி 36 பெட்டியைச் சேர்த்துக் கட்டினால்தான் அந்த ஒரு பிளான்ட். பக்கத்திலேயே ஆள் நின்று ஓட்ட வேண்டிய சமாச்சாரம். இதைப் படுக்கையறையில் எங்கே வைப்பது?

#3 பழைய ஏடு

கேரியரிலிருந்து ஆரம்பித்தால் கதை பாதிதான் கிடைக்கும். மனிதனுக்காகவே குளிரைத் தேடியவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள், ஆனால் தோற்றுப்போனார்கள். அதனால்தான் அவர்கள் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை.

ஃபுளோரிடாவில் அபலாச்சிகோலா என்ற துறைமுக ஊர். அங்கே ஜான் கோரி என்று ஒரு டாக்டர், 1840-களில். காய்ச்சலில் கிடப்பவர்களின் அறையைக் குளிர்ச்சியாக வைத்தால் தேறுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. பனிக்கட்டியைத் தட்டில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். பனிக்கட்டியோ வடக்கேயிருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல் வராவிட்டால் ஒன்றும் இல்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று, காற்றை அழுத்திப் பிறகு விரியவிட்டு உறைய வைக்கும் எந்திரம் ஒன்றைச் செய்தார். 1851-ல் காப்புரிமையும் கிடைத்தது. பணம் போட ஆள் கிடைக்கவில்லை. கடவுள் செய்ய வேண்டிய பனிக்கட்டியை மனிதன் செய்வதா என்ற கேலி வேறு. 1855-ல் கையில் காசில்லாமல் இறந்தார். இன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஃபுளோரிடாவின் சார்பில் நிற்கும் சிலைகளில் ஒன்று அவருடையது. செத்த பிறகு சிலை. இது எல்லா ஊர்க் கதையும்தான்.

அடுத்தது 1881. அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் ஜூலை 2 அன்று சுடப்பட்டு வெள்ளை மாளிகையில் கிடக்கிறார். வாஷிங்டன் வெயில். கடற்படை எஞ்சினியர்கள் வந்து, பனிக்கட்டி உருகிய நீரில் நனைந்த துணித் திரைகளின் வழியே விசிறியால் காற்றைத் தள்ளும் ஒரு பெட்டியை அமைத்தார்கள். அறை வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கியது. அதற்கு இரண்டு மாதத்தில் கரைந்த பனிக்கட்டி சுமார் ஐந்து லட்சம் பவுண்டு என்பார்கள். செப்டம்பர் 19 அன்று அவர் இறந்துவிட்டார். அதோடு அந்தப் பெட்டியும் முடிந்தது.

முதல் வீட்டு ஏசி என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1914-ல் மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்ற பணக்காரரின் மாளிகையில் வைத்தது. உயரம் 7 அடி, அகலம் 6 அடி, நீளம் 20 அடி. அதாவது ஏசிக்கே தனியாக ஒரு அறை. மாளிகை முடிவதற்கு முன்பே 1913-ல் கேட்ஸ் போய்விட்டார். ஆக, முதல் வீட்டு ஏசியின் சொந்தக்காரர் அதன் காற்றில் ஒரு இரவுகூடத் தூங்கவில்லை.

#4 ஏன்எதற்கு

"முதல்" பட்டியலில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை வைத்ததே கேரியர் இல்லை. ஸ்டூவர்ட் கிராமர் என்ற நெசவாலை எஞ்சினியர், 1906-ல். அவருக்கும் குளிர் வேண்டியிருக்கவில்லை. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் ஈரத்தைக் கூட்ட வேண்டியிருந்தது! ஒருவர் ஈரத்தைக் குறைக்கிறார், ஒருவர் ஏற்றுகிறார், இரண்டுக்கும் ஒரே பெயர்.

அப்புறம் மாணிக்கம் அண்ணே, 54 டன் என்கிறீர்களே, மிஷினின் எடையா அது?

#5 மெக்கானிக் மாணிக்கம்

எடை இல்லை தம்பி. வேலைக்குப் போகும் வீட்டிலெல்லாம் இந்தக் கேள்வி வரும். "ஒன்றரை டன்னை எங்கள் ஷெல்ஃப் தாங்குமா" என்று ஒரு பாட்டி உண்மையிலேயே பயந்துவிட்டார்.

பனிக்கட்டிக் காலத்துக் கணக்கு அது. ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன் ஏசி. மணிக்கு 12,000 பி.டி.யு., சுமார் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏசியை ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓட்டினால், அறைக்குள் 1,360 கிலோ பனிக்கட்டியைக் கொண்டுவந்து கொட்டிக் கரைத்த மாதிரி.

அந்த அதிபர் கதைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து லட்சம் பவுண்டை அறுபது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 3,800 கிலோ பக்கம். நான்கு டன்னுக்குமேல் ஏசி. ஒரே ஒரு படுக்கையறைக்கு! இன்றைக்கு எவனாவது அப்படிப் போட்டிருந்தால் கதவு இடுக்கை முதலில் அடையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

#6 ஜன்னலோரம்

ஏட்டையா, கேட்ஸ் கதை எனக்குத் தெரியாது. நன்றி.

கேரியர் பற்றி இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1902 கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நிற்கிறார். நடைமேடை முழுக்க மூடுபனி. பார்த்தவுடன் அவருக்குத் தோன்றியதாம், இந்தக் காற்று முழுக்க நனைந்திருக்கிறது, ஆனால் குளிர்ந்திருப்பதால் இதற்குள் இருக்கும் நீர் கொஞ்சம்தான் என்று. அப்படியானால் சில்லென்ற தண்ணீரைச் சாரலாகத் தெளித்து, அதற்குள் காற்றை விட்டால் காற்று காய்ந்து வெளியே வரும். தண்ணீரைத் தெளித்துக் காயவைப்பது! அதைத்தான் 1906-ல் காப்புரிமை ஆக்கினார்.

அது இருக்கட்டும். விலை மட்டும் காரணம் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் சினிமா. குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து பார்க்காதவனுக்கு அது வேண்டும் என்றே தோன்றாது. அமெரிக்காவில் சாதாரண மனிதன் முதன்முதலில் அதை அனுபவித்தது தியேட்டரில்தான். ஆரம்பத்தில் போட்டவை ஒரே அவஸ்தை. தரையில் இருக்கும் துளை வழியாகக் குளிர்காற்று வரும், காலடி உறையும், தலை வேர்க்கும். காலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு படம் பார்த்தார்களாம். கேரியர் அதைத் தலைகீழாக்கி, காற்றை மேலேயிருந்து விட்டுக் கீழே இழுத்தார். 1925-ல் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் புது எந்திரம் தொடங்கிய நாளைப் பற்றி அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: கூட்டம் உள்ளே வந்தபோது எல்லார் கையிலும் விசிறி. இரண்டாயிரம் பேர் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். எந்திரம் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தது. ஒவ்வொரு விசிறியாக மடிக்குப் போனது. விடாப்பிடியாக விசிறிய சிலரும் கடைசியில் நிறுத்தினார்கள். மாடியில் உட்கார்ந்திருந்த பாரமவுண்ட் முதலாளி அடால்ஃப் சூக்கர், கீழே இறங்கி வந்ததும் மக்களுக்கு இது பிடிக்கும் என்று ஒரே வரியில் சொன்னாராம்.

அந்த இரண்டாயிரம் பேரும் படம் முடிந்து புழுங்கும் வீட்டுக்குத்தானே திரும்பினார்கள்? ஆசை அங்கே முளைத்தது என்பது என் கட்சி.

#7 வேதியியல் வாத்தியார்

ஆசை, விலை எல்லாம் இருக்கட்டும். ஒரு முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்கள்: கேஸ்.

1920-கள் வரை குளிர்விக்கும் எந்திரத்துக்குள் ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டைஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு. அம்மோனியா கசிந்தால் கண்ணைத் திறக்க முடியாது. சல்ஃபர் டைஆக்ஸைடு பட்டாசு வெடித்த நாற்றம், மூச்சை அடைக்கும். இவை இரண்டும் எரிச்சலைக் கிளப்பியாவது எழுப்பி ஓட விடும். மெத்தில் குளோரைடு அப்படி இல்லை, வாசனையே லேசு. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடலாம். தொழிற்சாலையில் ஆள் பார்த்துக்கொண்டிருப்பான். படுக்கையறையில் யார் பார்ப்பது? பெர்லினில் குளிர்பெட்டிக் கசிவில் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துவிட்டு ஐன்ஸ்டைன், லியோ சிலார்ட் என்ற இளைஞரோடு சேர்ந்து அசையும் பாகமே இல்லாத குளிர்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வந்தது. ஐன்ஸ்டைன் பெயரில் ஃப்ரிட்ஜ்! சந்தைக்கு மட்டும் வரவில்லை.

வராமல் போனதற்குப் பெரிய காரணம், அதற்குள் ஃப்ரியான் வந்துவிட்டது. ஃப்ரிஜிடேர் என்ற குளிர்பெட்டிக் கம்பெனி அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் வசம் இருந்தது. நஞ்சும் ஆகக் கூடாது, தீயும் பிடிக்கக் கூடாது, அப்படி ஒரு கேஸ் வேண்டும் என்று தாமஸ் மிட்ஜ்லி என்பவரிடம் 1928-ல் வேலை வந்தது. அவர் குழு கண்டுபிடித்ததுதான் ஃப்ரியான், பின்னால் ஆர்-12 என்று பெயர் பெற்ற குளோரோஃபுளோரோகார்பன். 1930-ல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் மெல்ல விட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுடர் அணைந்தது. இரண்டு நிரூபணமும் ஒரே மூச்சில். வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

வீட்டுக்குள் நம்பி வைக்கும் ஏசி அன்றைக்குத்தான் சாத்தியமானது. ஆகவே ஜன்னலோரம், உங்கள் அரை நூற்றாண்டில் முதல் 28 வருடத்துக்கு நான் பதில் சொல்லிவிட்டேன்.

#8 ஏன்எதற்கு

வாத்தியாரே, அதே மிட்ஜ்லிதானே பெட்ரோலில் ஈயம் கலந்தவர்? ஒரே ஆள் காற்றை இரண்டு வழியில் கெடுத்தார் என்று சொல்லுங்கள்.

#9 வேதியியல் வாத்தியார்

அவரேதான். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஈயம் நஞ்சு என்று அன்றைக்கே தெரியும், தெரிந்தே செய்தார்கள். ஃப்ரியான் எங்கே போய் என்ன செய்யும் என்பது 1928-ல் யாருக்கும் தெரிய வழியில்லை. எதோடும் சேராது என்பதுதானே அதன் பெருமை? அந்தப் பெருமைதான் வினையானது. எதோடும் சேராததால் கரையாமல் சிதையாமல் அடுக்குவளி மண்டலம் வரை ஏறி, அங்கே புற ஊதாக் கதிர் பட்டுக் குளோரினை விட்டது, அந்தக் குளோரின் ஓசோனைத் தின்றது. மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் இதை எழுதினார்கள். அண்டார்டிகா மேல் ஓசோன் மெலிந்திருப்பது 1985-ல் வெளிவந்தது. இரண்டே வருடத்தில், 1987-ல், இந்த வாயுக்களைக் குறைக்க மான்ட்ரியல் ஒப்பந்தம். மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் பால் க்ரூட்சனோடு சேர்த்து 1995-ல் நோபல்.

வீட்டு ஏசியில் பல பத்தாண்டு ஓடியது ஆர்-22. அதிலும் குளோரின் உண்டு, ஆனால் ஓசோனுக்குச் செய்யும் கேடு ஆர்-12-ல் இருபதில் ஒரு பங்கு அளவுதான். பிறகு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவி வெப்பத்தைக் கூட்டுவதில் கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கும் மேல். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு, 675. 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் அந்த ஒப்பந்தத்துக்குப் போட்ட திருத்தம் இவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. கடைசியில் சுற்றிச்சுற்றி புரொபேனுக்கு, அதாவது எரிகிற கேஸுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறோம். மிட்ஜ்லி மெழுகுவத்தியை அணைத்தது வீண்!

#10 மெக்கானிக் மாணிக்கம்

வாத்தியார் சொன்ன கடைசி வரி எங்களுக்குச் சிரிப்பு இல்லை. ஆர்-22 காலத்தில் கேஸ் லீக் என்றால் பைப்பைத் துடைத்துப் பற்றவைத்து முடித்துவிடுவோம். இப்போது ஆர்-290, அதாவது அந்தப் புரொபேன், என்று ஸ்டிக்கர் பார்த்தால் டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஜன்னல் திறந்திருக்கிறதா, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

விண்டோ ஏசிக்கு வருவோம், அது என் செல்லம். 1929-ல் ஃப்ரிஜிடேர் வீட்டுக்கென்று ஒன்று விட்டது, அந்தக் காலத்து ரேடியோ பெட்டி மாதிரி இருக்கும். கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், சூட்டை வெளியே விடும் கண்டென்சர் பகுதி மட்டும் தனியே வேறு இடத்தில். கவனியுங்கள், வீட்டு ஏசி பிறந்ததே ஸ்பிளிட்டாகத்தான்! பிறகு ஷுல்ட்ஸ், ஷெர்மன் என்று இரண்டு பேர் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து ஜன்னல் திட்டில் வைக்கலாம் என்று 1931-ல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார்கள். அடுத்த வருடம் சந்தைக்கு வந்தது. யார் வாங்குவது? பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். அப்புறம் போர். போர் முடிந்த பிறகு ஹென்றி கால்சன் என்பவரின் வடிவத்தில் சின்னதாக, மலிவாக வந்ததும்தான் வண்டி நகர்ந்தது. 1947-ல் 43,000 பெட்டி. 1953-ல் பத்து லட்சத்தைத் தாண்டி, கேட்டவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சாமர்த்தியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நடுவில் ஒரே மோட்டார். அதன் தண்டு இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். அறைப்பக்கம் உருளை மாதிரி புளோவர், வெளிப்பக்கம் இறக்கை விசிறி. ஒரே மோட்டார் இரண்டு வேலை. கூலிங் காயிலில் வடியும் தண்ணீர் அடித்தட்டு வழியாகப் பின்னால் ஓடும். வெளி விசிறியின் ஓரத்தில் ஒரு வளையம் உண்டு, அது தட்டில் தேங்கும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அள்ளிக் கொதிக்கிற கண்டென்சர் மேல் விசிறும். உங்கள் அறையின் ஈரமே அந்தப் பெட்டியைக் குளிர்விக்கிறது. "சளக் சளக்" என்று கேட்பது அந்தச் சத்தம்தான்.

ஒரு வீட்டில் அந்தச் சத்தம் தாங்காமல் அவர்களே அடித்தட்டில் டிரில் போட்டுத் தண்ணீரை வடித்துவிட்டார்கள். சத்தம் போனது, கூலிங்கும் குறைந்தது. கேஸ் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டையை அடைத்துக் காயிலைக் கழுவிக் கொடுத்தேன், கேஸ் அப்படியே இருந்தது. நான் போகிற வீட்டில் பாதி இப்படித்தான், ஏசியில் கோளாறு இருக்காது.

#11 புதுவரவு

"சளக் சளக்" சத்தம் தூக்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். ரிப்பேர் என்றே நினைத்திருந்தேன் 😄

#12 தாழ்வாரம்

இழையை நேற்று முழுக்கப் படித்தேன். கட்டடம் வரைவது என் தொழில், அதனால் ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏசியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், வீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஏசி இல்லாத காலத்தில் வீடே குளிர்விக்கும் எந்திரமாக இருந்தது. ஈரானின் யஸ்த் நகரில் இன்றும் நிற்கும் காற்றுக் கோபுரங்களைப் பாருங்கள். உயரத்தில் ஓடும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும், சில இடங்களில் நிலத்தடி நீர் மேல் தவழவிட்டு அறைக்கு அனுப்பும். அமெரிக்கத் தெற்கில் வீட்டைச் சுற்றி ஆழமான தாழ்வாரம், உயர்ந்த கூரை, கதவுக்கு நேரே கதவு, தலைக்கு மேல் சின்ன ஜன்னல். இவற்றுக்கெல்லாம் செங்கல் வேண்டும், மரம் வேண்டும், மனை வேண்டும். போருக்குப் பிறகு அங்கே கட்டடக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வீடு கட்டியபோது என்ன செய்தார்கள்? கூரையை இறக்கினார்கள், தாழ்வாரத்தை வெட்டினார்கள், திறக்கவே முடியாத பெரிய கண்ணாடியை முகப்பில் வைத்தார்கள். மிச்சமான பணத்தில் ஏசி.

இது வெறும் ஊகம் இல்லை, சோதித்தே பார்த்தார்கள். டெக்சாஸில் ஆஸ்டின் நகரில் 1954-ல் "ஏர் கண்டிஷன்ட் வில்லேஜ்" என்று 22 வீடுகள் கட்டினார்கள். வெவ்வேறு கம்பெனி எந்திரம், வெவ்வேறு விதமான சுவர், நிழல் அமைப்பு. நிஜக் குடும்பங்களைக் குடிவைத்து, ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு முழுக்க ஏசி கட்டுப்படியாகுமா என்று அளந்தார்கள். விலை என்று நீங்கள் சொல்வது தனியாக எந்திரத்தின் விலை இல்லை. வீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விலை. எந்திரம் மலிவானது ஒரு பாதி. எந்திரம் இல்லாமல் குடியிருக்கவே முடியாத வீடு வந்தது மறு பாதி. அப்படி ஒரு வீட்டில் குடியேறிவிட்டால் ஏசி ஆடம்பரம் இல்லை, கூரை மாதிரி.

#13 ஜன்னலோரம்

அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ஏசி வீட்டுக்குள் வரவில்லை, வீடு ஏசிக்காக மாறியது. 1960-ல் அமெரிக்காவில் எட்டில் ஒரு வீட்டில்தான் ஏசி. 1980-ல் பாதிக்கு மேல். இருபதே வருடம். ஆசையும் கேஸும் 1930-லேயே தயார்; மாறாமல் இருந்தது வீடுதான்.

#14 மெக்கானிக் மாணிக்கம்

அம்மா சொல்வது சரி, ஆனால் சுவருக்குள் ஓடும் ஒயரை மறந்துவிட்டார். பல்புக்கும் ஃபேனுக்கும் இழுத்த பழைய ஒயரில் விண்டோ ஏசி கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆனால் வீடே ஒரு நொடி மங்கும். புது வீடு என்றால் ஒயரும் புதிது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைதான் என்று நான் ஆரம்பத்தில் சொன்னதை அரை அடி பின்வாங்குகிறேன். அரை அடிதான்.

#15 புதுவரவு

அந்த மங்கல் இப்போது ஏன் வருவதில்லை? இன்வெர்ட்டர் ஏசி என்பதாலா? பேட்டரி இன்வெர்ட்டரும் இதுவும் ஒன்றா? சிரிக்காமல் சொல்லுங்கள்.

#16 மெக்கானிக் மாணிக்கம்

பேட்டரியே கிடையாது. பழைய கம்ப்ரஸருக்கு இரண்டே நிலை, முழு வேகம் அல்லது நிறுத்தம். அறை குளிர்ந்ததும் "டக்" என்று நிற்கும், சூடானதும் மறுபடி முழு மூச்சில் கிளம்பும், அந்தக் கிளம்பலில்தான் லைட் மங்கும். இன்வெர்ட்டர் போர்டு, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றும். அதனால் கம்ப்ரஸர் மெதுவாகத் தொடங்கும், தேவைக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். வீட்டு ஏசிக்கு இதை முதலில் கொண்டுவந்தது டோஷிபா, 1981-ல். சுவரில் மாட்டும் ஸ்பிளிட்டை இந்த அளவுக்கு வளர்த்ததும் ஜப்பான்காரர்கள்தான். சின்ன வீடு, மெல்லிய சுவர், காற்றுக்கு டக்ட் போட இடம் ஏது? சத்தம் போடும் பகுதியை வெளியே தள்ளிவிட்டு இரண்டு செம்புக் குழாயில் இணைத்துவிட்டார்கள். 1929-ல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தாயிற்று.

#17 ஏன்எதற்கு

எல்லோரும் பெட்டியைக் கொண்டாடுகிறீர்கள், ஒரு எலும்பை நான் போடுகிறேன். ஏசி குளிரைத் "தயாரிப்பதில்லை". உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து. என் அறையின் சூடு பக்கத்து வீட்டு ஜன்னலில். 2018-ல் சர்வதேச எரிசக்தி முகமை சொன்ன கணக்கில் உலகத்தில் 160 கோடி ஏசி. இப்படியே போனால் 2050-ல் 560 கோடி. கட்டடங்கள் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏசிக்கும் விசிறிக்கும் போகிறது.

#18 வேதியியல் வாத்தியார்

அதற்காக ஏசியே வேண்டாம் என்பீர்களா? வெப்ப அலையில் முதலில் சாகிறவர்கள் தனியாக இருக்கும் வயதானவர்கள். கோரி டாக்டர் கட்டிலில் கிடந்தவர்களுக்காகத்தானே ஆரம்பித்தார்?

#19 ஏன்எதற்கு

வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? எங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, 26-ல். அப்பாவுக்கு மூச்சுத் திணறல் இருக்கிறது. கணக்கைச் சொன்னேன், அவ்வளவுதான்.

#20 பழைய ஏடு

26-ல் வைத்து ஃபேனும் போட்டால் போதும் என்பதற்குக் காரணமும் கேரியரிடமே இருக்கிறது. நம் உடம்பு வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் வியர்வை போக இடமில்லை, உடம்பில் ஒட்டும். ஏசி ஈரத்தை வடித்துவிட்டால் 26-லும் சுகம். தண்ணீர் வடியும் ட்ரெயின் பைப் முனையில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள், புழுக்கமான இரவில் காலைக்குள் நிறைந்துவிடும். அவ்வளவு நீரும் நீங்கள் மூச்சு விட்ட அதே அறைக்குள் மிதந்ததுதான். அச்சகத் தாளுக்குப் பிடித்தது நம் தோலுக்கும் பிடிக்கிறது.

#21 ஜன்னலோரம்

வாளி வைத்துப் பார்க்க இப்போது ஏசி இல்லையே! ஓட்டைதான் இருக்கிறது. மாணிக்கம் அண்ணே, புது ஸ்பிளிட் அடுத்த வாரம் வருகிறது. இந்த ஓட்டையை என்ன செய்ய? பிளைவுட் அடித்துவிடலாமா?

#22 மெக்கானிக் மாணிக்கம்

பிளைவுட் வேண்டவே வேண்டாம். மழையில் ஊறி உப்பும், இடுக்கில் குளிர் பூராவும் வெளியே போகும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிடுங்கள். அதற்கு முன்னால் செம்புக் குழாய்க்கும் ட்ரெயினுக்கும் ஒரு மூன்று அங்குலக் குழாயை, வெளிப்பக்கம் லேசாகச் சரிந்த மாதிரி அதிலேயே பதித்துவிடச் சொல்லுங்கள். பிறகு தனியாகச் சுவரைக் குடைய வேண்டாம்.

#23 தாழ்வாரம்

அடைக்கிறதுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். எதிர்ச் சுவரில் ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் அந்த அட்டையை ஒரு ராத்திரி எடுத்துவிட்டு இரண்டையும் திறந்து வைத்துத் தூங்கிப் பாருங்கள். பிடித்தால் செங்கலுக்குப் பதில் சின்னதாக ஒரு ஜன்னல் வைத்துவிடலாம்.

#24 ஜன்னலோரம்

எடுத்துப் பார்த்தேன் அக்கா. காற்று நன்றாகத்தான் வந்தது. விடியற்காலையில் குச்சியோடு புறாவும் வந்துவிட்டது.

#25 மெக்கானிக் மாணிக்கம்

ஜன்னலே வையுங்கள், வலை அடித்து.